மலையடிவாரத்தில் வாடகைக் குடி

நிலத்தை ஐந்தாகப் பகுத்துக் கண்ட நம் முன்னோர், மலையையும் மலை சார்ந்த இடத்தையும் குறிஞ்சி என்றனர். குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். பொருள் தேடிப் பிரிந்து செல்வோர் நடக்கும் வழியோ பாலை. அதன் உரிப்பொருள் பிரிதல். ஊதியத்தின் பொருட்டு வடபுலம் வந்து, சிவாலிக் மலைத்தொடரின் அடிவாரத்தில் வாடகை வீடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்விரு திணைகளும் ஒருசேர வாய்த்துள்ளன. கண்ணுக்கு எதிரே குறிஞ்சி, நெஞ்சுக்குள்ளே பாலை. இத்திணை மயக்கத்துக்கு இலக்கணம் வகுத்தவர் எவருமில்லை. ஆயின் அதற்கு ஒரு வரலாறு உண்டு. சண்டிகர் நகரையும், அதன் தோளோடு தோள் ஒட்டி வளர்ந்த பஞ்சகுலா என்னும் புறநகரையும் கொண்டு அவ்வரலாற்றைச் சுருங்கச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகர வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் நகரைத் திட்டமிட்டவரையும், கட்டடங்களையும், திறப்பு விழாக்களையுமே எழுதுகின்றனர். அந்நகரில் மாதந்தோறும் வாடகை கொடுத்து வாழ்ந்தவர் யார், எங்கே வாழ்ந்தனர், எந்த நிபந்தனைகளுக்குட்பட்டு வாழ்ந்தனர் என்பது அடிக்குறிப்பாகவும் இடம் பெறுவதில்லை. நம்மில் பெரும்பாலோர் வாடகைக் குடிகளாகவே இங்கு வாழ்வைத் தொடங்கியவர்கள். ஆதலின் இது நம் வரலாறும் ஆகும்.

தலைநகரை இழந்த மாநிலம்

1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் பஞ்சாப் இரண்டாகப் பிளவுற்றது. அதன் தலைநகராய் விளங்கிய லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. இந்தியப் பகுதிப் பஞ்சாபின் அரசு அலுவலகங்கள் சிம்லாவில் இடம் தேடிக்கொண்டன. சிம்லாவோ கோடைக்கால ஆட்சிக்கென ஆங்கிலேயர் அமைத்த மலைநகரம். 1864 முதல் ஆண்டுதோறும் இந்திய அரசு கல்கத்தாவிலிருந்தும், பின்னர் தில்லியிலிருந்தும், கோப்புக் கட்டுகளுடனும் எழுத்தர்களுடனும் அங்கு ஏறிச் செல்வதும் இறங்கி வருவதும் வழக்கமாயிருந்தது. 1903இல் திறக்கப்பட்ட கால்கா–சிம்லா குறுகிய இருப்புப்பாதை அப்பயணத்தை எளிதாக்கியது. பருவத்துக்கொரு வீடு தேடும் தொல்லை இவ்வட்டாரத்து அரசு ஊழியனுக்குப் பழைய சொத்து என்பதை இதனால் அறியலாம்.

ஒரு மாநிலத்தை மலையுச்சியில் அமர்ந்து நெடுநாள் ஆள்வது அரிது. ஆதலின் புதிய தலைநகருக்கான இடம் மலையடிவாரச் சமவெளியில் 1948இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. சுக்னா, பட்டியாலா கி ராவ் என்னும் இரண்டு மழைக்கால ஓடைகளுக்கு இடைப்பட்ட நிலம் அது. அருகிலுள்ள சண்டி தேவியின் கோயிலையொட்டிச் சண்டிகர் என்று பெயர் பெற்றது. தலைமைப் பொறியாளர் பி. எல். வர்மாவும், ஆட்சிப் பணியாளர் பி. என். தாப்பரும் இப்பணிக்குத் தோள் கொடுத்த முதல்வர்கள்.

முதல் வரைபடத்தை அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர் வகுத்தார். அவருக்குத் துணைநின்ற போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் மாத்யூ நோவிட்ஸ்கி 1950 ஆகஸ்டு மாதம் விமான விபத்தில் மாண்டார். அதன் பின்னரே லெ கார்பூசியே, அவருடைய உறவினர் பியேர் ழான்னரே, ஆங்கிலேயத் தம்பதியரான மாக்ஸ்வெல் ஃபிரை, ஜேன் ட்ரூ ஆகிய நால்வரும் 1951இல் பொறுப்பேற்றனர். 1953 அக்டோபர் 7ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் நகரைத் தொடங்கி வைத்தார்.

இங்கே ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். இந்நகரம் வெற்றுத் தரையில் எழுந்ததன்று. மாந்தோப்புகளும் விளைநிலங்களும் உடைய சிற்றூர்கள் பல அங்கு இருந்தன. வீடிழந்து எல்லை தாண்டி வந்தவர்களுக்கும், தலைநகர் இழந்த அரசுக்கும் இடம் அமைக்க, அவ்வூரார் தம் வீடுகளை விட்டு எழுந்து போயினர். ஒருவருடைய குடியேற்றம் மற்றொருவருடைய குடிபெயர்வாய் முடிவது இந்நகரின் பிறப்பிலேயே உள்ளது.

பதின்மூன்று வகை வீடுகள்

லெ கார்பூசியே நகரை ஓர் உடலாகக் கண்டார். வடக்கே மலையை நோக்கிய சட்டமன்றம், தலைமைச் செயலகம், உயர்நீதிமன்றம் ஆகியவை தலை, பதினேழாம் செக்டரின் அங்காடி இதயம், பூங்காக்கள் நுரையீரல். நகரம் 800 மீட்டர் அகலமும் 1200 மீட்டர் நீளமும் கொண்ட செக்டர்களாகப் பிரிக்கப்பட்டது. முதற் கட்டத்தில் ஒன்றரை இலட்சம் மக்கள், இரண்டாம் கட்டத்தோடு ஐந்து இலட்சம் மக்கள் என்பதே திட்டம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சண்டிகர் ஒன்றியப் பகுதியின் மக்கள் தொகை பத்தரை இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

அரசு ஊழியர் குடியிருப்புகளை வகுத்த பொறுப்பு ழான்னரே, ஃபிரை, ட்ரூ ஆகிய மூவரையும் சார்ந்தது. முதலமைச்சர் முதல் கடைநிலை ஊழியர் வரை, பதவிக்கேற்பப் பதின்மூன்று வகை வீடுகளை அவர்கள் முதலில் அமைத்தனர். செங்கலே தலையாய பொருள். கடைநிலை ஊழியர் வீட்டுக்கும் இரண்டு அறைகள், சமையலறை, கழிப்பிடம், முற்றம் உண்டு. கோடையில் வெட்டவெளியில் உறங்கும் பஞ்சாபியர் வழக்கத்தை அறிந்து அதற்கு இடம் ஒதுக்கினர். வெயிலைத் தடுத்துக் காற்றை விடும் செங்கற் சாளரங்களை அமைத்தனர். அந்நாளைய இந்தியாவில் ஒரு கடைநிலை ஊழியனுக்கு இத்தகைய வீடு பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ழான்னரே 1965 வரை இங்கேயே தங்கினார். 1967இல் அவர் மறைந்தபின், அவர் விரும்பியபடியே அவருடைய சாம்பல் சுக்னா ஏரியிற் கரைக்கப்பட்டது. வந்த ஊரைத் தன் ஊராக்கிக்கொண்ட அயலவருள் அவரும் ஒருவர்.

எனினும் இவ்வமைப்பில் ஒரு படிநிலை உண்டு. மலைக்கு அருகிலுள்ள வடக்குச் செக்டர்களில் பெரிய மனைகள், குறைந்த மக்கள். தெற்கே போகப் போக மனைகள் சிறுத்தன; மக்கள் நெருங்கினர். ஊதியம் குறையக் குறைய மலையும் விலகிச் சென்றது. இங்கே நிலத்தை மர்லா, கனால் என்று அளப்பர். ஒரு மர்லா இருபத்தைந்து சதுர கஜம், இருபது மர்லா ஒரு கனால். கனால் கணக்கில் மனையுடையோர் மலையைத் தம் புல்வெளியில் அமர்ந்து கண்டனர். அலுவலகம் செல்லும் எழுத்தரோ மிதிவண்டியில் வடக்கு நோக்கிச் செல்லும் வேளையில் மட்டும் கண்டார்.

கட்டியவர்க்கு இடமில்லை

அரசு ஊழியர்க்குப் பதின்மூன்று வகை வீடு வகுத்த திட்டத்தில், அவ்வீடுகளைக் கட்டிய கூலியாளர்க்கு ஒரு வகையும் இல்லை. கட்டடம் முடிந்ததும் அவர்கள் திரும்பிச் சென்றுவிடுவர் என்று எண்ணினர் போலும். அவர்கள் செல்லவில்லை. கட்டுமானப் பணி ஒருநாளும் முடியவில்லை. எண்கள் மட்டுமே பெயராய் அமைந்த கூலியாளர் குடியிருப்புகள் நகரின் ஓரங்களில் எழுந்தன. தமிழகத்திலிருந்து வந்து சாலைப்பணியும் கட்டட வேலையும் வீட்டுவேலையும் செய்த எளிய தமிழ்க் குடும்பங்களும் அத்தகைய குடிசைகளில் வாழ்ந்துள்ளன. ஐந்தாம் எண் காலனி என்னும் பெரிய குடிசைப் பகுதி 2013 நவம்பரில் இடித்து அகற்றப்பட்டது. சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு வராத தமிழரும் இந்நகரில் உண்டு என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இதே நகரில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராய்ப் பணியாற்றிய நேக் சந்த், பிரிவினையில் தம் சிற்றூரை இழந்து வந்தவர். 1957 முதல், நகருக்காக இடிக்கப்பட்ட ஊர்களின் உடைசல்களையும், உடைந்த வளையல்களையும், பீங்கான் துண்டுகளையும் பொறுக்கிச் சேர்த்து, அரசுக் காட்டு நிலத்தில் யாருமறியாமல் ஒரு கற்பனை உலகைப் படைத்தார். சட்டப்படி அது ஆக்கிரமிப்பு. ஆயினும் அது இடிக்கப்படாமல் 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதுவே இன்றைய கற்பூங்கா. அனுமதியற்ற குடிசைகள் இடிக்கப்பட, அனுமதியற்ற சிற்பங்கள் வாழ்ந்தன. கலைக்குக் கிடைத்த அருள் கூரைக்கும் கிடைத்திருக்கலாம் என்று நெஞ்சு எண்ணுகிறது.

புறநகர் பிறந்த கதை

நகரின் ஓரத்தில் ஒழுங்கற்ற ஊர்கள் எழாதிருக்க, 1952இல் சுற்றுப்பகுதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. நகரைச் சுற்றி ஐந்து மைல் தொலைவுக்கு விளைநிலம் விளைநிலமாகவே இருக்கவேண்டும் என்பது அதன் கருத்து. 1962இல் அவ்வெல்லை பத்து மைலாக விரிந்தது. ஆனால் 1966 நவம்பர் 1ஆம் நாள் பஞ்சாப் மறுபடியும் பிரிக்கப்பட்டு ஹரியானா தோன்றியது. சண்டிகர் இரு மாநிலங்களுக்கும் தலைநகராகவும், மத்திய அரசின் நேரடி ஆட்சிப் பகுதியாகவும் ஆயிற்று. ஒரே கையிலிருந்த சுற்றுப்பகுதி மூன்று ஆட்சிகளின் கைக்குப் பிரிந்தது. பஞ்சாப் தன் பங்கில் மொகாலியையும், ஹரியானா தன் பங்கில் பஞ்சகுலாவையும் வளர்த்தன. முன்னது குரு கோவிந்த சிங்கின் மூத்த மகன் பெயரால் சாகிப்சாதா அஜித் சிங் நகர் எனப்படுகிறது. பின்னது ஐந்து நீர்க்கால்களால் பெயர்பெற்றது என்பர். குல் என்பது மலைநீரைக் கொணரும் வாய்க்காலுக்கு இவ்வட்டாரப் பெயர்.

பஞ்சகுலா பழமையற்ற இடமன்று. காக்கர் ஆற்றங்கரையிலுள்ள நாடா சாகிப் குருத்துவாரா, 1688ஆம் ஆண்டுப் பங்கானிப் போருக்குப்பின் குரு கோவிந்த சிங் தங்கிய இடமாகப் போற்றப்படுகிறது. மான்சா தேவி கோயில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணிமாஜ்ராவை ஆண்ட அரசரால் கட்டப்பட்டது. பிஞ்சோரில் முகலாயர் காலத்து அடுக்குத் தோட்டம் உண்டு. அதே பிஞ்சோரில் 1963இல் எச். எம். டி. இயந்திரக் கருவித் தொழிற்சாலை தொடங்கிற்று. பின்னர் அங்கு செய்யப்பட்ட உழவு இயந்திரங்கள் வடநாட்டு வயல்களெங்கும் ஓடின. 2016இல் உழவு இயந்திரப் பிரிவை மூடும் முடிவு வந்தபோது, அங்கு பணியாற்றியவர்களின் குடியிருப்பும் ஆளரவம் இழந்தது.

மத்திய அரசின் ஆய்வுக் கூடங்களும், முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனமும், சண்டிமந்திரில் அமைந்த படைத்தலைமையும், வங்கிகளும், கணக்காய்வு அலுவலகங்களும் தமிழரை இப்பகுதிக்கு அழைத்து வந்தன. வந்தவர் தொகைக்கு அரசுக் குடியிருப்பு போதவில்லை. முன்பதிவுப் பட்டியலில் பெயரை எழுதிவிட்டு, பேறு வரும்வரை வாடகை வீடு தேடுவதே முறையாயிற்று. சண்டிகரில் வாடகை மிகுதி. ஆகவே பலர் கிழக்கே நகர்ந்து பஞ்சகுலாவுக்கு வந்தனர். 1977இல் உருவான ஹரியானா நகர வளர்ச்சி ஆணையம் அங்கு செக்டர் செக்டராக மனைகளை விற்றது. 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் பஞ்சகுலா தனி மாவட்டமும் ஆயிற்று. பஞ்சகுலாவிலும் மொகாலியிலும் வாழும் மத்திய அரசு ஊழியர்க்குச் சண்டிகருக்குரிய வீட்டு வாடகைப் படியே வழங்கப்படுவதால், அலுவலகக் கணக்கில் மூன்றும் ஒரே ஊராயின.

இதில் ஒரு வியப்பு உண்டு. சண்டிகரின் திட்டம் எளிய ஊழியனை மலையிலிருந்து தெற்கே தள்ளியது. வாடகையோ அவனைக் கிழக்கே தள்ளி, மலையின் காலடியிலேயே கொண்டு சேர்த்தது. எந்தக் கட்டடக் கலைஞரும் திட்டமிடாத நீதி இது.

வீட்டுக்காரரும் குடியும்

வடநாட்டு வாடகைக் குடியின் வரலாற்றில் ‘பர்சாத்தி’ என்னும் சொல்லுக்குத் தனியிடம் உண்டு. மொட்டைமாடியில், மழைக்கு ஒதுங்க அமைந்த ஒற்றையறை அது. பர்சாத் என்றால் மழை. வீட்டுக்காரர் கீழே வாழ, குடித்தனக்காரர் மேலே வாழ்வர். கோடையில் அவ்வறை அடுப்பாகும், மார்கழியில் பனிக்கட்டியாகும். வீட்டின் பின்புறத்திலுள்ள பணியாளர் அறையும், கார் நிறுத்தும் இடத்தின் மேலமைந்த அறையும் இவ்வாறே வாடகைக்கு வந்தன. இவற்றுக்கும் வசதியற்றோர், நகருக்குள்ளேயே சிக்கிக்கொண்ட புரைல், அட்டாவா முதலிய பழைய சிற்றூர்களை நாடினர். நகரின் கட்டட விதிகளுக்கு ஒதுங்கி வளர்ந்த அந்த நெருக்கமான தெருக்களே பல புதியவர்க்கு முதல் முகவரி தந்தன.

வாடகைக்கு விட்டவர் யார் என்பதையும் நோக்க வேண்டும். அவர்களிற் பலர், அல்லது அவர்களின் பெற்றோர், லாகூரிலும் லயால்பூரிலும் இராவல்பிண்டியிலும் வீடுகளை விட்டு வந்தவர்கள். குருட்சேத்திர முகாமின் கூடாரங்களில் 1947ஆம் ஆண்டுக் குளிர்காலத்தைக் கழித்தவர்கள். தவணையில் மனை வாங்கி, பத்து ஆண்டு சேமித்துச் சுவர் எழுப்பி, கடனடைக்க மேல்மாடியை வாடகைக்கு விட்டவர்கள். ஒருமுறை வீடிழந்தவன் இரண்டாம் வீட்டை இறுகப் பற்றுவான். குடிவந்தவன் போகமாட்டானோ என்னும் அச்சத்துக்கு இங்கு வேர் உண்டு.

அவ்வச்சத்துக்குச் சட்டமும் உரமிட்டது. 1949ஆம் ஆண்டுக் கிழக்குப் பஞ்சாப் நகர்ப்புற வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1939 தொடக்கத்துக்கு முந்தைய வாடகையை அடியாகக் கொண்டு நியாய வாடகை கணிக்க வழிசெய்தது. வாடகை கொடாமை, ஒப்புதலின்றி உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளரின் சொந்தத் தேவை முதலிய காரணங்களாலன்றிக் குடியை வெளியேற்ற முடியாது. பாராளுமன்றம் 1974இல் தனிச்சட்டம் இயற்றி அதனைச் சண்டிகருக்கும் விரிவாக்கியது. ஹரியானா தனக்கெனச் சட்டம் செய்துகொண்டது 1973இல். அதில் ஒரு விலக்கு: சட்டம் வந்தபின் கட்டி முடிக்கப்பட்ட வீடு எதற்கும், முடிந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு அச்சட்டம் பொருந்தாது. பஞ்சகுலாவில் பெரும்பாலான வீடுகள் அதன்பின் எழுந்தவையே. ஆகவே அப்புதிய நகரில் குடியிருந்தவனுக்குப் பாதுகாப்புச் சட்டம் ஏட்டில் இருந்தது. அவன் வீட்டுக்கு வருமுன் பத்து ஆண்டுகள் காத்திருந்தது.

பதினொரு மாத ஒப்பந்தத்தின் இரகசியமும் சட்டத்திலேயே உள்ளது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவுச் செலவையும் பதிவேட்டுச் சான்றையும் தவிர்க்க விரும்பியோர் பதினொரு மாதத்தோடு நிறுத்தினர். பன்னிரண்டாம் மாதம் நம் வாழ்வில் இல்லாத மாதமாயிற்று. ஒவ்வொரு பதினொரு மாதத்துக்கும் ஒருமுறை வாடகை உயரும். அல்லது மூட்டை கட்ட வேண்டும். பிள்ளைகளின் பள்ளியோ பன்னிரண்டு மாதக் கணக்கில் நடப்பது. இவ்விரண்டையும் இசைவித்துக் குடும்பம் நடத்திய நம் இல்லத்தரசியரின் திறம் எந்தச் சேவைப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை.

மலை தருவதும் கேட்பதும்

மலையடிவார வாழ்வின் இன்பத்தை மறைத்தல் நன்றியன்று. மழை பெய்து தூசு அடங்கிய மாலையில் மலை ஒருபடி முன்னே வந்து நிற்பதுபோலத் தோன்றும். இரவில் கசௌலியின் விளக்குகள் வானத்து மீன்களோடு கலக்கும். தையும் மாசியும் குளிர்மழை கொணரும். பங்குனியில் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கும். தோசை மாவு புளிக்க மறுத்து, கம்பளிக்குள் புகும் காலமும் உண்டு. ஆனியில் அனற்காற்றும் உண்டு.

ஆயினும் மலை ஓர் அண்டை வீட்டுக்காரர்; அவரோடு கணக்கு உண்டு. சிவாலிக் இளம் மலை. அதன் மண் இளக்கமானது. காடு அழிந்த சரிவுகளில் விழும் மழை மண்ணைக் கரைத்து ஓடைவழியே கொணரும். 1958இல் சுக்னா ஓடையை மறித்து அமைத்த ஏரி, சில ஆண்டுகளிலேயே வண்டலால் தூரத் தொடங்கியது. அவ்வண்டலின் மூலத்தைத் தேடிச் சென்ற ஆய்வாளர் பி. ஆர். மிஸ்ரா, மலைச்சரிவிலிருந்த சுகோமாஜ்ரி என்னும் சிற்றூரை அடைந்தார். 1970களில் அங்கு சிறு மண்ணணைகள் எழுந்தன. தேங்கிய நீரை எல்லாக் குடும்பமும் பகிர்ந்துகொள்வது, அதற்கு ஈடாகச் சரிவுகளில் ஆடுமாடு மேய்ப்பதை நிறுத்துவது என்று ஊரார் உடன்பட்டனர். வேலியின்றியே காடு மீண்டது. கீழேயுள்ள பெருநகரின் ஏரி, மேலேயுள்ள ஏழையூரின் இசைவினால் காக்கப்படும் என்பது அதனால் விளங்கிற்று.

அப்பாடத்தைப் பின்னர் வந்தோர் முழுதும் கற்றாரில்லை. 2000த்துக்குப்பின் சீரக்பூர், டகோலி, பல்தானா முதலிய இடங்களில் அடுக்குமாடிகள் விரைந்தெழுந்தன. மழைநீர் சென்ற தாழ்நிலங்கள் பல மனைகளாயின. 2023 ஜூலையில் பெருமழை கொட்டி, சுக்னாவின் மதகுகள் திறக்கப்பட்டு, காக்கர் கரைபுரண்டபோது, தரைத்தளங்களிலும் நிலவறைகளிலும் நீர் புகுந்தது. தரைத்தளத்திலும் நிலவறையிலும் குடியிருப்போர் பெரும்பாலும் வாடகைக்குடிகளே என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அதே ஆண்டு ஜனவரியில் உச்சநீதிமன்றம், சண்டிகரின் பழைய பகுதியான முதல் கட்டத்தில் தனிவீடுகளை மாடி மாடியாகப் பிரித்து அடுக்ககங்களாக்குவதைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. நகரின் மரபு காக்கப்பட வேண்டியதே. ஆனால் பழைய நகர் அடர்த்தியை ஏற்க மறுக்கும்போது, அவ்வடர்த்தி முழுதும் புறநகரின் தலையில் இறங்குகிறது என்பதும் உண்மையே.

ஒரு கறிவேப்பிலைச் செடி

பொதுவரலாற்றில் தன்வரலாறு புகுதல் முறையன்று எனினும், சான்றாக ஒன்று சொல்வேன். பஞ்சகுலாவில் நாங்கள் குடியிருந்த மாடிவீட்டின் உரிமையாளர் முதியவர். ஏழு வயதில் லயால்பூரிலிருந்து வந்தவர். வாடகை வாங்குவார், இரசீது தரமாட்டார். அலுவலகத்துக்கு இரசீது வேண்டும் என்று பலமுறை கேட்டேன். ‘பேட்டா, காகிதம் கொடுத்தவன் வீட்டைக் கொடுத்தவன்’ என்பார். எனக்குச் சினம் மூளும். வருமான வரியில் ஆண்டுதோறும் நான் இழந்த தொகை சிறிதன்று.

அவர் துணைவியாரை என் மனைவி மாதாஜி என்று அழைப்பாள். ஊரிலிருந்து கொணர்ந்த கறிவேப்பிலைக் கன்றை வைக்க மாதாஜி தம் தோட்டத்தில் ஒரு மூலை தந்தார். முதல் குளிர்காலத்தில் அது கருகிற்று. பங்குனியில் அடியிலிருந்து துளிர்த்தது. ஏழாண்டில் மதிலுக்கு மேல் வளர்ந்தது. ஏழு ஒப்பந்தங்களுக்குப்பின் அவர் மகன் வெளிநாட்டிலிருந்து திரும்பியதால் வீட்டைக் காலி செய்தோம். எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினோம். செடியை ஏற்ற இயலவில்லை. விடைபெறும் நாளில் முதியவர் என்னைத் தனியே அழைத்து ஓர் உறை தந்தார். ஏழாண்டுக்குமான வாடகை இரசீதுகள், ஒவ்வொன்றும் அவர் கையாலேயே எழுதி, தேதியிட்டு, கையொப்பமிட்டவை. ‘இனி அச்சமில்லை’ என்றார். வரிக்கு அவை பயன்படும் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. ஆனால் மாதந்தோறும் எழுதி, கொடுக்க அஞ்சி, பெட்டியில் வைத்திருந்தார் என்பதை எண்ணியபோது என் சினம் நாணமாயிற்று.

இன்று நம்மவர் பலர் இங்கு சொந்தவீடு கொண்டோராயினர். சண்டிகர் முப்பதாம் செக்டரில் பாரதியின் பெயர் தாங்கிய தமிழ்ச் சங்க இல்லமும், முப்பத்தோராம் செக்டரில் முருகன் கோயிலும் நமக்குண்டு. கோடைக்கால விடுமுறைக்குச் சென்ற இடம் மாறி, விடுமுறைக்கு நாம் தமிழகம் செல்வோராயினோம். மகிழ்ச்சியே. ஆனால் அண்மையில் நம் குடும்பங்களிலேயே ஒரு பேச்சைக் கேட்கிறேன். தம் அடுக்ககத்தை வாடகைக்கு விடும் தமிழர் சிலர், வருபவரின் ஊரையும் உணவையும் சாதியையும் வினவுகின்றனர். பீகாரிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இமாசலத்திலிருந்தும் வரும் இளைஞரைக் கண்டு, முன்பு நம்மைக் கண்டு தயங்கியோர் தயங்கியவாறே தயங்குகின்றனர். ‘மதராசி’ என்று ஒற்றைச்சொல்லில் நம்மை ஒதுக்கிய வாயில்களை அதற்குள் மறந்தோமா?

லாகூரை இழந்தவர் சண்டிகரில் வீட்டுக்காரராயினர். சண்டிகரின் குடித்தனக்காரர் பஞ்சகுலாவில் வீட்டுக்காரராயினர். நம் குடித்தனக்காரர் நாளை எங்கோ வீட்டுக்காரராவர். இச்சங்கிலியில் எவரும் முதல்வருமல்லர், இறுதியானவருமல்லர். ஆதலின் வீடுடைய நம் குடும்பங்கள் மூன்று செய்யலாம்: எழுத்தில் ஒப்பந்தம் தருக, மாதந்தோறும் இரசீது தருக, குடிவருவோர் ஒரு செடி வைக்க இடம் தருக. முதலிரண்டும் சட்டம் கேட்பவை. மூன்றாவதை எந்தச் சட்டமும் கேட்காது. மாதாஜி கேட்காமலே தந்தார்.

அச்செடி இன்றும் அங்கு நிற்கிறது. முதியவர் இப்போது இல்லை. மாதாஜி தெருவழி போகும் தமிழ்ப் பெண்களை அழைத்து இலை பறித்துக்கொள்ளச் சொல்வதாகக் கேள்வி.